ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன்

டிராய், மிச்சிகன்

அன்புள்ள கார்த்திக்,

படங்கள் பார்த்தேன். டொயோட்டா ஜிஆர்86 உனக்குப் பொருத்தமான கார்தான். சிவப்பு என்பதால் நாக்ஸ்வில் போலீஸ்காரர்களுக்கும் பிடித்துப்போகும்! ஆனால் வண்டியில் டீலர் ஒட்டிய தாளைக்கூட நீ இன்னும் கிழிக்கவில்லை, அதற்குள் காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் டாம்பரும் சேர்ந்த தொகுதி) விலைப்பட்டியல் என் போனுக்கு வந்துவிட்டது. “உன் வேலையே இதுதானே அக்கா, ஒரு வார்த்தை சொல்” என்கிறாய். ஒரு வார்த்தை என்றால், இப்போது வேண்டாம். காரணம் சொல்லாமல் விட்டால் நீ வாங்கிவிடுவாய், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நீ சொன்ன குறைகள் மூன்று. சக்கரத்துக்கு மேலே இடைவெளி அதிகம், பார்க்க நன்றாக இல்லை. பள்ளத்தில் விழுந்தால் தூக்கிப்போடுகிறது. டிராகன் சாலையில் வளைவுக்குள் போகும்போது முன்பக்கம் திரும்ப மறுத்து வெளியே இழுக்கிறது. மூன்றுக்கும் ஒரே மருந்து காயில்ஓவர் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் குறையைத் தீர்க்கப் போனால் இரண்டாவது மோசமாகும். மூன்றாவதற்கும் காயில்ஓவருக்கும் சம்பந்தம் குறைவு.

அந்த இடைவெளி அழகுக்காக விட்டதல்ல, சக்கரம் மேலே ஏறி இறங்க விட்ட இடம். உன் காரின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். காரை 30 மில்லிமீட்டர் இறக்கினால் எடை மையமும் ஏறக்குறைய அவ்வளவே இறங்கும். ஆனால் கீழ் ஆர்மின் சாய்வு மாறிவிடுவதால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே உள்ள தூரம்தான் வளைவில் காரைச் சாய்க்கும் நெம்புகோல். காரைத் தாழ்த்தித் தாழ்த்தி அந்த நெம்புகோலை நீளமாக்கிவிட்டு, பிறகு சாய்கிறதே என்று ஸ்பிரிங்கை இன்னும் கடினமாக்குவார்கள். இதற்கிடையில் ஏறும் தூரம் சுருங்கியிருக்கும். நடு வளைவில் ஒரு மேடு வந்தால் சஸ்பென்ஷன் கடைசித் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். அந்த நொடியில் அந்த மூலையின் கடினம் பல மடங்காகி, டயரின் பிடி சட்டென்று விட்டுப்போகும். டிராகன் சாலையில் 11 மைலுக்கு 318 வளைவுகள் என்று நீயே பெருமையடித்தாய். அத்தனை வளைவில் எதில் இது நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது.

ஸ்பிரிங் தனியாக வேலை செய்வதில்லை என்பதையும் மறந்துவிடாதே. ஸ்பிரிங்கை 50 சதவீதம் கடினமாக்கினால் கார் மேலும் கீழும் ஆடும் வேகம் சுமார் 22 சதவீதம் கூடும். பழைய டாம்பரால் அதை அடக்க முடியாது. ஓங்கித் தள்ளிவிட்ட ஊஞ்சலைப் பிடிக்க ஆளில்லாத மாதிரி ஆகிவிடும். ஆயிரம் டாலர் காயில்ஓவரில் உயரத்தை மாற்ற மரை இருக்கும், கிளிக் செய்யத் திருகும் இருக்கும். உள்ளே வால்வு அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்றதா என்பது விளம்பரத்தில் இருக்காது.

முன் ஸ்பிரிங்குக்கும் பின் ஸ்பிரிங்குக்கும் கூடப் பொருத்தம் வேண்டும். நான் வேலை பார்க்கும் இந்த ஊர்ப்பக்கம்தான் 1930களில் மாரிஸ் ஓலி என்பவர் இருந்தார். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து காடிலாக்குக்கு வந்தவர். ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் எடைகளை மாட்டி, இடம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். பின் ஸ்பிரிங் முன்னதைவிடச் சற்று வேகமாக ஆடினால், மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், கார் தலையாட்டாது என்று கண்டார். இன்றும் எங்கள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. முன்பக்க ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுகிறேன் என்று சொல்பவரைக் கண்டால் எனக்கு ஓலி ஞாபகம்தான் வரும்.

இன்னொன்று. உன் காருக்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு, சுபாரு பிஆர்ஸட். இன்ஜின் அதே, உடம்பும் அதேதான். ஆனால் டொயோட்டா முன் ஸ்பிரிங்கை மில்லிமீட்டருக்கு 28 நியூட்டன், பின்னால் 39 என்று வைத்தது. சுபாரு முன்னால் 30, பின்னால் 35. முக்கிய வித்தியாசம் இவ்வளவுதான், கூடவே ஆன்டி ரோல் பாரும் டாம்பரும் கொஞ்சம். ஓட்டிப் பார்த்தவர்கள் பலரும் சொல்வது, டொயோட்டாவின் வால் சீக்கிரம் விளையாடும், சுபாரு சாதுவாகப் போகும் என்பது. இத்தனை சின்ன மாற்றத்துக்கே குணம் மாறுகிற கார் இது. நீ வாங்க நினைக்கும் காயில்ஓவரில் ஸ்பிரிங்கின் கடினம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

சரி, வளைவில் முன்பக்கம் இழுப்பதற்கு என்ன செய்யலாம்? நீ எடுத்தது அடிப்படை மாடல், 17 அங்குலச் சக்கரம், மிஷலின் பிரைமசி. சொகுசுப் பயணத்துக்கான டயர் அது. உயர்ந்த மாடலில் பைலட் ஸ்போர்ட் 4 வருகிறது. டயரை மாற்று, பாதிக் குறை போய்விடும். அடுத்து அலைன்மென்ட். தொழிற்சாலையிலிருந்து முன்சக்கரம் ஏறக்குறைய நேராக நிற்கிறது. கேம்பர் போல்ட் போட்டு ஒன்றரை டிகிரி வரை உள்பக்கம் சாய்த்தால் முன்பக்கம் கடித்துத் திரும்பும்.

அதன் பிறகும் திருப்தி இல்லையென்றால் டாம்பரைப் பற்றிப் பேசலாம். 2024 முதல் டொயோட்டாவே ஸாக்ஸ் டாம்பரும் பிரெம்போ பிரேக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் தருகிறது. அந்தக் காரின் எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் பார்த்து அமைத்தது என்பதால் அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. வாரண்டி போய்விடும் என்று டீலர் பயமுறுத்தினால் முழுதாக நம்பாதே. 1975 மேக்னஸன் மாஸ் சட்டப்படி, நீ மாட்டிய பாகத்தால்தான் பழுது வந்தது என்றால்தான் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். ஆனால் சஸ்பென்ஷனை மாற்றிவிட்டு வீல் பேரிங் சத்தம் போடுகிறது என்று போய் நின்றால், வாக்குவாதம் உன் பாடு.

கார் வாங்கியதற்கு டொயோட்டா உனக்கு நாசாவில் ஒரு வருட உறுப்பினர் சீட்டும் ஒரு நாள் டிராக் பயிற்சியும் இலவசமாகத் தருகிறது. விண்வெளி நாசா இல்லை, நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன். சித்தியிடம் விவரமாகச் சொல், இல்லாவிட்டால் மதுரை முழுக்கப் பரவிவிடும். அந்தப் பயிற்சிக்குப் போவதற்கு முன், முன்பக்க டாம்பரின் ரப்பர் உறையைத் தூக்கி, பளபளக்கும் கம்பியில் ஒரு ஜிப் டை இறுக்கமில்லாமல் கட்டிக் கீழே தள்ளிவிடு. ஓட்டி முடித்ததும் அது எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது, பம்ப் ஸ்டாப்புக்கு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று அளந்து எழுது. முன் டயரின் வெளி ஓரம் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று கிட்டப் போய்ப் படம் எடு. சூடாக இருக்கும்போதே காற்றழுத்தமும் குறித்துக்கொள். இந்த மூன்றும் வரட்டும், எதை வாங்குவது என்று அப்போது நானே தேடித் தருகிறேன்.

சித்தி நேற்று போன் செய்து, காருக்குப் பின் சீட் இருக்கிறதா, தான் வந்தால் உட்காரலாமா என்று கேட்டார். இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை நீ சமாளி.

அன்புடன்,
அக்கா