முகத்துக்கு அளக்கணும்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள். மகளிடம் ஐபோன் 16 புரோ மேக்ஸ், மகனிடம் கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா. இரண்டும் ஆறாயிரம் வெள்ளியை ஒட்டி வந்தவை. இரண்டுக்கும் மாதத் தவணை இன்னும் ஓடுகிறது. செப்டம்பரில் ஐபோன் 17 வந்துவிட்டதால் மகளின் கட்சி கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது. இருந்தாலும் 2025 தீபாவளிக்கு முந்தின வாரம், யாருடைய போனில் படம் நன்றாக விழுகிறது என்ற பழைய வழக்கு மறுபடி எழுந்து, சாப்பாட்டு மேசையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டது. ஒரே முகத்தை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரண்டிலும் எடுத்துப் பார்ப்பது என்று பேசி முடித்தார்கள். முகத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டில் சும்மாதானே இருக்கிறார்.

"அப்பா முகந்தான் சரி," என்றாள் மகள். "கறுப்பு, கண்ணாடி, நரைச்ச முடி. கேமராவுக்கு உள்ள எல்லாக் கஷ்டமும் ஒரே இடத்துல இருக்கு."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு போனுக்கு நீல உறை, மற்றதற்குக் கறுப்பு உறை. எந்த உறைக்குள் எது என்று எழுதப் போவதில்லை. என் அக்காள் மகன் கைப்பேசிக் கடையில் இரண்டையும் விற்றுப் பிழைக்கிறான். அவன் வயிற்றில் அடிக்க எனக்கு மனமில்லை.

எண்களை மட்டும் பார்த்தால் வழக்கு ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டும். அல்ட்ராவின் முதன்மைக் கேமரா 200 மெகாபிக்சல், ஐபோனுடையது 48. ஆனால் உள்ளே இருக்கும் சென்சர் விரல்நகம் அளவுதான். அதில் இருபது கோடிப் புள்ளிகளை அடைத்தால் ஒரு புள்ளி 0.6 மைக்ரான், ஒரு தலைமுடியின் குறுக்கே நூறு புள்ளிகளை வரிசையாக நிறுத்தலாம். அத்தனை சின்ன வாய்க்குள் எவ்வளவு வெளிச்சம் போகும்? ஆகையால் பதினாறு பதினாறு புள்ளிகளாகக் கூட்டுச் சேர்த்து ஒன்றாக்கி, சாதாரணமாக 12 மெகாபிக்சல் படத்தைத்தான் கையில் தருகிறது. ஐபோனும் தன் 48ஐ முழுதாகத் தருவதில்லை, 24 ஆக்கித் தருகிறது. இதை வாசித்துக் காட்டியபோது மகள் சிரித்தாள். நல்ல வெயிலில் 200ஐயும் அப்படியே எடுக்கலாம், எடுத்தபின் வேண்டிய மூலையை வெட்டிப் பெரிதாக்கலாம் என்றான் மகன். அதுவும் உண்மைதான்.

எனக்கு வேறொன்றுதான் புதிதாக இருந்தது. நாம் ஒரு தடவை அமுக்கும்போது போன் பல படங்களை எடுத்துவிடுகிறது. குறைந்த வெளிச்சத்தில் ஒன்று, கூடுதலாக ஒன்று என்று அடுக்கி, வானத்தை ஒன்றிலிருந்தும் முகத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறது. கிட்டத்தட்ட வரைவதுதான். மகன் நிலாவை எடுத்துக் காட்டித் தன் கட்சியை நிலைநாட்ட ஆசைப்பட்டான். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது, நிலா வேண்டுமென்றால் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போ என்றேன். அந்த நிலாவுக்கும் ஒரு கதை உண்டு. 2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து சாம்சங் அல்ட்ராவில் எடுத்தார். மங்கலில் இல்லாத பள்ளங்கள் எல்லாம் படத்தில் வந்து நின்றன. நிலாவை அடையாளம் கண்டுகொண்டால் செயற்கை நுண்ணறிவு அதன் விவரங்களைத் தெளிவாக்கும் என்று நிறுவனமும் விளக்கம் சொன்னது. நிலாவின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பது போனுக்கு ஏற்கெனவே தெரியும். என் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்?

சனிக்கிழமை மாலை கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். ஜாலான் தெங்கு கிளானாவில் அந்த வாரம் நடக்க முடியாது, நகர்த்தப்படத்தான் முடியும். முறுக்கு வாசனை, சேலைக் கடைக்காரர்களின் கூவல், நான்கு ஒலிபெருக்கிகளிலிருந்து நான்கு பாட்டுகள். தலைக்கு மேலே ஊதாவும் இளஞ்சிவப்புமாக எல்இடி விளக்குகள். ஒரு பூக்கடையின் முன்னால் என்னை நிறுத்தினார்கள். பின்னால் மல்லிகைச் சரங்கள் தொங்கின.

நீல உறை என் முகத்துக்கு வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தது. மூக்கோரத்து நிழலும் கன்னத்துச் சுருக்கங்களும் கரைந்து, ஐம்பது வயதுக்காரனாகியிருந்தேன். நிறம், பால் தாராளமாக ஊற்றிய தே தாரிக். கறுப்பு உறை நிழலை நிழலாகவே விட்டிருந்தது. ஆனால் முகத்தில் மஞ்சள் பூசிக் குளிக்க வைத்தது போல ஒரு சாயல், நெற்றிக் குங்குமம் ஆரஞ்சு. முகத்தை எடுப்பாக்கிப் பின்புறத்தை மங்கலாக்கும் முறையில் இரண்டுமே தடுமாறின. தோளருகே தொங்கிய சரத்தில் பாதி மல்லிகை கூர்மையாகவும், பாதி புகையாகவும் இருந்தது. எது தலைமுடி, எது பூ, எது தெரு என்று கணக்குப் போட்டுத்தானே வெட்டுகிறது; மல்லிகைச் சரத்தை அது அதிகம் பார்த்ததில்லை போலும்.

பூக்கடைக்கார அம்மாள் எட்டிப் பார்த்தார். நீல உறையைக் காட்டி, "அண்ணே, இதுல நல்லா செவப்பா இருக்கீங்க," என்றார். தீர்ப்பு அங்கேயே வழங்கப்பட்டுவிட்டது. நம்மில் வெளுத்தவரைச் சிவப்பு என்கிறோம், கறுத்தவரை மாநிறம் என்கிறோம், மிகவும் கறுத்தவரைக் களையான முகம் என்கிறோம். இந்த வண்ண அட்டவணையை எந்த நிறுவனத்தின் பொறியாளரிடம் கொடுத்தாலும் வேலையை விட்டுவிடுவார்.

அந்த அம்மாளின் குரலைக் கேட்டதும் எனக்கு 1974 ஞாபகம் வந்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது. கிள்ளானுக்கு வெளியே தோட்டத்தில் இருந்தோம். அம்மா பால்மரம் வெட்டினார். அந்தத் தீபாவளிக்கு அப்பா எங்களைப் பேருந்தில் கூட்டிவந்து ஊரில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தார். ஸ்டூடியோ மாமா கையில் வெளிச்சம் அளக்கும் சின்னக் கருவியை வைத்துக்கொண்டு எல்லார் முகத்துக்கும் அருகில் வந்து அளந்தார். ஏன் என்று கேட்டேன். "சட்டைக்கு அளக்கக் கூடாது தம்பி. நம்மாளுங்களுக்கு முகத்துக்கு அளக்கணும்," என்றார். அதன் பொருள் பல ஆண்டு கழித்துத்தான் புரிந்தது. அந்தக் கருவிக்கு உலகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறம். எதிரே இருப்பது விழும் வெளிச்சத்தில் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் என்று நம்பிக்கொண்டிருக்கும். வெள்ளைச் சட்டைக்கு அளந்தால் வெளிச்சம் கூடிவிட்டதென்று குறைக்கச் சொல்லும். குறைத்தால் சட்டை சாம்பலாகும், கறுத்த முகம் இருட்டில் போகும்.

அத்தோடு அவர் வேலை முடியவில்லை. கழுவிய நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்து, சீவிய பென்சிலால் முகத்தின் மேல் மெல்ல மெல்லப் புள்ளி வைப்பார். நெகட்டிவில் எங்கே கருமை கூடுகிறதோ அங்கே காகிதத்தில் வெளுக்கும். இன்றைக்கு ஒரு சில்லு கண் இமைப்பதற்குள் செய்வதை அவர் ஒரு மத்தியானம் முழுவதும் குனிந்திருந்து செய்தார். ஆனால் கேட்டுவிட்டுத்தான் செய்தார். "வீட்டுக்காரம்மாவுக்கு எவ்வளவு எடுக்கட்டும்?" என்று, தையற்காரர் இடுப்பளவு கேட்பது போல, அப்பாவிடம் கேட்டார். அம்மாவிடம் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். படம் வந்ததும் அம்மா சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இவ யாருடா?" என்றார். பிறகு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும்படி மாட்டச் சொன்னார். பிடித்திருந்தது அவருக்கு. அதை நான் மறைக்கக் கூடாது.

வண்ணப் படம் வந்தபின் பென்சிலும் இல்லை, கேட்பாரும் இல்லை. என் பழைய வகுப்புப் படம் ஒன்றில் சீன நண்பர்கள் முகமாக இருக்கிறார்கள், நாங்கள் நான்கு பேர் பல்லும் சட்டையுமாக இருக்கிறோம். காரணத்தைப் பின்னாளில் வாசித்தேன். கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பும். அதில் இருப்பவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கனடாவின் கன்கோர்டியா பல்கலைக்கழகத்து லோர்னா ரோத் இதை ஆராய்ந்து 2009இல் எழுதினார். படச்சுருளைத் திருத்தும்படி அழுத்திக் கேட்டவர்கள் யார் என்று பார்த்தால் சாக்லேட் விற்றவர்களும் மரச்சாமான் செய்தவர்களும். அவர்கள் விளம்பரங்களில் பழுப்பு நிறம் பிரியவில்லையாம். ஒரு நாற்காலிக்கு இருந்த செல்வாக்கு!

கைப்பேசி உலகத்தில் இந்தப் பேச்சு வெளிப்படையாக வந்தது அண்மையில்தான். 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் ரியல் டோன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு, ஹார்வர்டின் எல்லிஸ் மங்க் வகுத்த பத்து நிற அளவுகோலை வெளியிட்டது. அதுவரை பெரும்பாலும் கையாண்டது தோல் மருத்துவர்களின் ஆறு நிற அட்டவணை. என் குடும்பத்துக்கே ஆறு போதாது.

மறுநாள் கம்யூட்டர் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் போனோம். 2010 அக்டோபரில் அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து, மலேசியப் பிரதமராக இருந்த நஜிப்புடன் திறந்துவைத்த லிட்டில் இந்தியா. அங்குள்ள வளைவுகளின் கீழே உச்சி வெயிலில் எடுத்தார்கள். வெயிலில் இரண்டு போனுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அண்ணாந்து கோயில் கோபுரத்தை ஐந்து மடங்கு இழுத்து எடுத்தபோதும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு ஏமாற்றம்.

பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் இந்நாட்டில் இயங்கிவருகிறது. அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்சில் இருப்பதால், வெள்ளைக் கோல் தட்டும் சத்தம் இங்கே தெருவின் தாளம். எனக்குத் தெரிந்த மசாஜ்காரர் ஒருவர் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். என்ன சத்தம் என்று கேட்டார், வழக்கைச் சொன்னோம். "சார், அந்த ரெண்டு போனும் பத்து வெள்ளியையும் இருபது வெள்ளியையும் பிரிச்சுச் சொல்லுமா?" என்றார். பத்து சிவப்பு, இருபது ஆரஞ்சு. கண் உள்ளவர்களே மாற்றிக் கொடுத்துவிடுவோம். மகன் செயலியை இறக்கி நோட்டைக் காட்டினான். இரண்டும் சரியாகச் சொல்லின. அவர் தன் பழைய போனை எடுத்து நீட்டினார். மூலையில் திரை வெடித்த அந்தப் போனும் அதையே சொன்னது, இன்னும் கொஞ்சம் சத்தமாக.

"இதுல எத்தன மெகாபிக்சல்னு பாருங்க," என்று சிரித்தார். பிள்ளைகள் பார்க்கவில்லை.

இரவு வீட்டில் கடைசிச் சோதனை. அம்மாவின் அந்த ஸ்டூடியோப் படம் இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. கண்ணாடிச் சட்டத்தில் குழல்விளக்கு பிரதிபலிக்கும், கறுப்பு வெள்ளைப் படம், கஷ்டமான பரீட்சை என்றான் மகன். இரண்டு போனும் அம்மா முகத்தைக் கண்டுபிடித்துச் சதுரம் போட்டன. ஐம்பது வருடம் முன்பு பென்சில் வெளுத்த முகத்தை நீல உறை இன்னும் ஒரு படி வெளுத்தது. கறுப்பு உறை, பழுப்பேறிய காகிதத்துக்கு வெயில் காட்டியது போல எடுத்திருந்தது.

"பாட்டி எதுலப்பா சரியா இருக்காங்க?"

"கையைப் பெருசாக்கு," என்றேன்.

மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு கைகள். ஸ்டூடியோ மாமாவின் பென்சில் அவ்வளவு தூரம் இறங்கவில்லை. போன்களின் சதுரமும் கழுத்தோடு நின்றுவிட்டது. கத்தி பிடித்துக் காய்ப்பேறிய கட்டைவிரல் இரண்டு திரையிலும் ஒரே கறுப்பாக இருந்தது.