கோட்டைத் தீவில் எங்கள் பெயர்

கொப்பன்ஹேகனுக்கு வரும் உறவினர்கள் எல்லாரும் முதலில் கேட்பது கடற்கன்னி சிலையைத்தான். ‘இவ்வளவு சின்னனா’ என்று அவர்கள் ஏமாந்த பிறகு, நான் கூட்டிக்கொண்டு போவது ஸ்லொட்ஸ்ஹோல்மனுக்கு. பெயரின் பொருள் கோட்டைத் தீவு. நகரத்தின் நடுவே, வாய்க்கால் சூழ்ந்த சிறு நிலத்துண்டு. பாலங்களைக் கடந்து போகிறவர்களுக்கு அது தீவு என்றே தெரியாது.

1167இல் பிஷப் அப்சலோன் இங்கே கோட்டை கட்டினார் என்பதிலிருந்துதான் நகரத்தின் வரலாற்றைத் தொடங்குவார்கள். அந்தக் கோட்டையின் அடித்தளம் இன்றும் அரண்மனையின் கீழே கிடக்கிறது. அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் பார்க்கலாம். அதன்மேல் எழுந்த கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனை 1794இல் எரிந்தது. திரும்பக் கட்டினார்கள், 1884இல் அதுவும் எரிந்தது. இப்போது நிற்பது மூன்றாவது. தோர்வால் யோர்கன்சன் என்ற கட்டடக் கலைஞரின் வேலை. 1907இல் தொடங்கி 1928இல் முடித்தார்கள். கோபுரத்தின் உயரம் 106 மீற்றர். நகரமண்டபக் கோபுரத்தைவிட 40 சென்ரிமீற்றர் கூட. அந்த 40 சென்ரிமீற்றரில் தெரியும் போட்டியை எங்கள் ஊர்க் கோயில் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பாராளுமன்றம், உச்சநீதிமன்றம், பிரதமர் அலுவலகம், அரச வரவேற்பு மண்டபங்கள் எல்லாம் இந்த ஒரே கூரையின் கீழ். 2024 ஜனவரி 14ஆம் திகதி பிரதமர் மெற்ற பிரெடரிக்சன் புது அரசர் பத்தாம் பிரெடரிக்கை அறிவித்தது இதன் மாடத்தில் நின்றுதான். முடிசூட்டு இல்லை, மந்திரம் இல்லை. பிரதமர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட, கீழே நின்ற சனம் ஆரவாரித்தது. பாராளுமன்ற வாசலின் மேலே பல்வலி, தலைவலி, காதுவலி, வயிற்றுவலி என்று நான்கு கல்முகங்கள் இருக்கின்றன. என் மைத்துனர் நின்று படமெடுத்த ஒரே இடம் அதுதான்.

இந்தத் தீவுக்கும் எங்களுக்குமான தொடர்பு அகதிகளோடு தொடங்கியது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். தீவின் ஓரத்தில் பழைய பங்குச்சந்தைக் கட்டடம் இருக்கிறது. நான்கு கடல்நாகங்கள் வாலை முறுக்கி எழும் அதன் கூர்முடி, 2024 ஏப்ரல் 16 தீயில் சரிந்து விழுந்ததைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டுவித்தவர் நான்காம் கிறிஸ்டியான். அவர்தான் 1618இல், 24 வயதுகூட நிரம்பாத ஓவே கியெட்டே என்பவரின் தலைமையில் கிழக்கே கப்பல்களை அனுப்பினார். போர்த்துக்கீசரை எதிர்க்கக் கண்டியரசர் உதவி கேட்கிறார் என்று நம்பிப் போன கப்பல்கள் அவை. போன இடம் திருகோணமலை! அங்கே காரியம் சரிவராமல், பிறகு தரங்கம்பாடியில் கோட்டை போட்டார்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தின் கையில் இருக்கிறது. அந்தக் காப்பகமும் நீண்ட காலம் இந்தத் தீவில்தான் இயங்கியது. 1845இல் பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்குத் தரங்கம்பாடியையும் சேரம்பூரையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு, டேனியர்கள் கணக்கை மூடினார்கள்.

எங்கள் பெயர் இரண்டாம் தடவை இந்தத் தீவின் தாள்களில் ஏறியது பொன்னில் அல்ல.

2021 இலையுதிர்காலத்தில் மகள் உயர்பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பின்னேரம் வந்து கேட்டாள்: “அம்மா, நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?” சமூகவியல் பாடத்துக்கு ‘தமில்சேயன்’ பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். தமிழர் விவகாரம். சொல்லை முதலில் கேட்கிற பிள்ளை வேறு எப்படி விளங்கிக்கொள்ளும்?

1983இல் டென்மார்க் நிறைவேற்றிய வெளிநாட்டவர் சட்டம், அகதி தன் குடும்பத்தை அழைத்துக்கொள்வதைச் சலுகையாக விடாமல் உரிமையாகவே எழுதிவைத்தது. 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கச் செய்தார். சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. கோப்புகள் அடுக்கின் அடிக்குப் போயின, அவ்வளவுதான். இலங்கையில் சமாதானம் வருகிறது, இவர்கள் திரும்பிப் போகப்போகிறவர்கள் என்பது நியாயம். அந்த ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது உண்மை. அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்று இந்த இதழின் வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நான் வந்தது 1996இல், எல்லாம் முடிந்த பிறகு. யூலண்டில் முன்னமே வந்திருந்த அண்ணைமார் அந்த நாட்களைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டார்கள். கதைத்தால் தபால்பெட்டியைப் பற்றித்தான் கதைப்பார்கள்.

பிறகு நடந்தவற்றை மகளுக்குத் தீவின் வரைபடத்தை வைத்துத்தான் சொன்னேன். ஸ்லொட்ஸ்ஹோல்ம்ஸ்காதவில் நீதியமைச்சு, கோப்புகள் நின்றது அதன் உத்தரவில். கூப்பிடு தூரத்தில் பாராளுமன்றம். 1989 ஏப்ரலில் பிரதமர் பவுல் ஸ்லூட்டர் அங்கே எழுந்து, கம்பளத்தின் கீழ் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்றார். அந்த வாக்கியத்தை டேனியர்கள் இன்றும் மறக்கவில்லை. நின்-ஹான்சன் அதற்குள் அமைச்சுப் பதவியிலிருந்து போய், அதே சபையில் சபாநாயகராக இருந்தார்! மக்கள் குறைகேள் அதிகாரி ஹான்ஸ் கமெல்டொஃப்ட்-ஹான்சன் விசாரித்தார். அடுத்து உச்சநீதிமன்ற நீதிபதி மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை மன்றம். 1993 ஜனவரி 14ஆம் திகதி அறிக்கை வந்தது. பத்து வருடத்துக்கு மேல் பதவியிலிருந்த ஸ்லூட்டர் அன்றைக்கே விலகுவதாக அறிவித்தார். அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றமான ரிக்ஸ்ரெட் 1910க்குப் பிறகு முதல் தடவையாகக் கூடி, 1995 ஜூனில் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது.

ஒரு நாட்டின் அரசாங்கம், ஊரில் சிக்கிக்கிடந்த எங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் காக்கவைத்ததற்காக வீழ்ந்தது. உலகத்தில் வேறெங்கும் எங்கள் கோப்புகளுக்கு அவ்வளவு பாரம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்காக டென்மார்க்கைத் தலையில் வைத்து ஆடவும் நான் தயாரில்லை. நீதிமன்றம் கேட்டது ஓர் அமைச்சர் தன் கடமையை மீறினாரா என்பதைத்தான். காத்திருந்தவர்கள் அந்தக் கதையில் வெறும் எண்ணிக்கை. பிழை செய்தவரின் பெயர் மங்கிப்போய், பிழைக்கு ஆளானவர்களின் பெயர் விவகாரத்தோடு ஒட்டிக்கொண்டதும் அதனால்தானோ என்னவோ.

அந்தக் கட்டுரையைப் பாடசாலை அப்போது கொடுத்ததற்கும் காரணம் இருந்தது. ரிக்ஸ்ரெட் மறுபடி கூடியிருந்தது. 2016இல், ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்த அகதித் தம்பதிகளைத் தனித்தனியே பிரித்துவைக்கச் சட்டத்துக்கு மாறாக உத்தரவிட்டதாக முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டொய்பெர்க்கின் மேல் வழக்கு. 2021 டிசம்பர் 13ஆம் திகதி 60 நாள் சிறை என்று தீர்ப்பு. அடுத்த வாரமே பாராளுமன்றம் அவரை வெளியேற்றியது. அடுத்த வருடத் தேர்தலில், தானே தொடங்கிய கட்சியின் தலைவராக அவர் அதே வாசலால் உள்ளே வந்தார். அந்த வழக்கை யாரும் சிரியர் விவகாரம் என்று சொல்வதில்லை. டேனியர்களின் வாயில் அது ஸ்டொய்பெர்க் வழக்குத்தான்.

மகள் இதைப் பிடித்துக்கொண்டாள். தன் கட்டுரைக்கு ‘நின்-ஹான்சன் விவகாரம்’ என்று தலைப்பு வைத்தாள். ஆசிரியர் அதன் கீழே கோடிட்டு, பொதுவழக்கில் உள்ள பெயரைப் பாவிக்கும்படி எழுதியிருந்தார். இவள் தலைப்பை மாற்றவில்லை. முதல் பக்கத்தின் அடியில், இது வேறு பெயராலும் அறியப்படுகிறது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.