கும்பகர்ணன் என்று சொன்னேன்

ஐந்தாறு மாதமாக ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று இரண்டு மூன்று பேர் போனில் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. 74 வயதில் எதற்கு மறைக்க வேண்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

என் மனைவி போன பிறகு தூக்கம் போய்விட்டது. முதலில் அதைத் துக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாலாவது மாதம் வேறு மாதிரி ஆனது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் காதை வைத்து நான் பேசுவதைக் கேட்கிறார் என்று தோன்றியது. தோன்றியது என்று இப்போது எழுதுகிறேன், அப்போது அது எனக்குத் தெரிந்த உண்மை. மொட்டைமாடித் தொட்டியில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று இரவு இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். என் மகள் சென்னையிலிருந்து வந்து, ஒரு வார்த்தையும் திட்டாமல், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். கடுமையான மனச்சோர்வு, அதனால் வந்த சந்தேகம் என்றார் மருத்துவர். மனச்சோர்வுக்குக் காலையில் ஒரு மாத்திரை, இரவுக்குக் குவெட்டியாபின். 25 மில்லிகிராமில் ஆரம்பித்து 100 வரை கொண்டுபோனார்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். மூன்று வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிட்டார். தொட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது. மருந்து வேலை செய்தது.

ஆனால் மீதியையும் சொல்ல வேண்டும். முதல் நாள் ராத்திரி மாத்திரை போட்டுப் படுத்தவன் மறுநாள் காலை பத்தரைக்கு எழுந்தேன். அதைத் தூக்கம் என்று சொல்ல மாட்டேன். கிணற்றுக்குள் இறக்கிவிட்டு மேலே மூடியது மாதிரி. எழுந்த பிறகும் தலைக்குள் ஈரப் பஞ்சு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பேச ஆரம்பிக்கும் முன் ஒரு வாய் தண்ணீர் வேண்டியிருந்தது. மலச்சிக்கல். பசி மட்டும் நன்றாக இருந்தது. மூன்று மாதத்தில் நாலு கிலோ ஏறினேன். பிரெஞ்சுப் பத்திரிகையில் ஒரு பத்தியை மூன்று தடவை படித்தாலும் முதல் வரி மறந்துவிடும்.

ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தேன். நாலு அடி வைத்திருப்பேன். கண் இருட்டியது. குளியலறை வாசலில் விழுந்து, புருவத்தில் மூன்று தையல்.

இங்கே மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். கூட எந்தத் தாளும் வராது. பிரான்சில் ஒவ்வொரு டப்பாவிலும் மடித்து வைத்த ஒரு தாள் இருக்கும், ‘நோத்தீஸ்’ என்பார்கள். பாரிஸில் இருக்கும் என் மாமா மகனிடம் இந்த மருந்துக்கு உள்ளதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன், அடிக்கோடு போட்டுப் படித்தேன். தூக்கக் கலக்கம், தலைசுற்றல், வாய் உலர்தல், எடை ஏறுதல் எல்லாம் ‘மிகவும் அடிக்கடி’ என்ற தலைப்பில் இருந்தன. அதற்கு அர்த்தம், பத்தில் ஒருவருக்கு மேல். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குவதும் மலச்சிக்கலும் அடுத்த தலைப்பில். நான் ஒன்றும் அபூர்வ நோயாளி இல்லை.

அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் என் தம்பி ஞாபகம் வந்தது. ஞாபகம் வர அவன் தூரத்தில் இல்லை. அடுத்த அறையில்தான் படுத்திருந்தான்.

தம்பிக்கு 1976-இல், 21 வயதில் நோய் வந்தது. ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். அவனுக்குக் கொடுத்தது லார்கக்தில், குளோர்புரோமசின். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் என்பதால் எங்கள் அப்பாவுக்கு அந்த மருந்தில் ஒரு பெருமைகூட இருந்தது. ரோன்-பூலான்க் என்ற பிரெஞ்சுக் கம்பெனியில் 1950 டிசம்பரில் செய்த மருந்து. முதலில் கடற்படை அறுவை மருத்துவர் ஆன்ரி லபொரி, அறுவைக்கு முன் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் மயங்காமலே, எதிலும் அக்கறையில்லாமல் அமைதியாக இருப்பதைக் கவனித்தார். 1952-இல் பாரிஸ் சேந்த்-ஆன் ஆஸ்பத்திரியில் ழான் தெலேயும் பியேர் தெனிக்கேரும் மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் மனநல ஆஸ்பத்திரிகளின் நிலைமையே மாறியது. தெலே பிறகு பிரெஞ்சு அகாதமியில் உறுப்பினரும் ஆனார். இதெல்லாம் அப்பா வந்தவர்களிடம் சொல்வார். தம்பி காலை ஒன்பதரை வரை ஏன் தூங்குகிறான் என்பதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

நான் அப்போது எழுத்தர் வேலையில் சேர்ந்து மூன்று வருஷம். எட்டே முக்காலுக்கு சைக்கிளை எடுக்கும்போது அவன் போர்த்திப் படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு எரியும். “கும்பகர்ணன்” என்றுதான் கூப்பிடுவேன். காபி டம்ளர் அவன் கையில் நடுங்கும். “பொம்பளப் புள்ளைங்களே ஒழுங்கா புடிக்குதுங்க” என்பேன். வெயிலில் கடற்கரைப் பக்கம் போய்விட்டு முகம் வெந்து சிவந்து வருவான். “வேலவெட்டி இல்லாம சுத்துனா இப்படித்தான்” என்றேன். கை நடுக்கமும் அந்த மருந்து, வெயிலில் தோல் வேகுவதும் அந்த மருந்து என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு நாள் செம்பில் தண்ணீர் எடுத்து அவன் முகத்தில் ஊற்றினேன். “நான் சம்பாதிக்கிறேன், நீ தூங்குற” என்றேன்.

அந்த வாரத்தோடு அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான். எங்களுக்குத் தெரியாது. காலையில் சீக்கிரம் எழுந்தான், நான்கூட மெச்சினேன். இரண்டு மாதம் கழித்துக் காணாமல் போனான். ஒன்பதாவது நாள் விழுப்புரம் ரயில் நிலையத்தில், சட்டையில்லாமல், காலில் புண்ணோடு கிடைத்தான். அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பத்தேழு வருஷம் கேட்டுக்கொள்ளவில்லை.

தையல் போட்டு வந்த மறுநாள் தம்பி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். அவன் அதிகம் பேச மாட்டான்.

“அண்ணே, ராத்திரி எழுந்தா நேரா நிக்கக் கூடாது. கால தொங்கப்போட்டு உக்காரு. முப்பது எண்ணு. அப்புறம் சுவத்தப் புடிச்சி எழுந்திரு. நான் இன்னும் எண்ணுறேன்.”

“எந்த பாஷையில?”

“பிரெஞ்சுலதான். அன், தே, த்ருவா. பள்ளிக்கூடத்துல எண்ணுன மாதிரி.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். தலைமாட்டில் தண்ணீர். தினம் ஒரு கீரை. சாயங்காலம் நடை, உச்சி வெயிலில் வேண்டாம். பசிக்கிறதே என்று இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளக் கூடாது, அது நம் பசி இல்லை, மருந்தின் பசி. சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். “டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லு. சொல்லாம மட்டும் நிறுத்திடாத.” கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

சொன்னேன். நான் ரத்த அழுத்த மாத்திரையையும் இரவிலேயே போடுகிறேன் என்பது அப்போதுதான் மருத்துவருக்குத் தெரிந்தது. அதைக் காலைக்கு மாற்றினார். இரவு மாத்திரையைப் பதினொரு மணிக்குப் பதில் ஒன்பதுக்குப் போடச் சொல்லி, அளவையும் 50-க்குக் குறைத்தார். இப்போது ஏழரைக்கெல்லாம் தலை தெளிகிறது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

ஒன்று மட்டும் மருத்துவரிடமும் சொல்லவில்லை. அளவு குறைவதற்கு முன்பு மனைவியின் முதல் வருஷத் திதி வந்தது. மகள் அழுதாள். நான் பிண்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. துக்கம் இருக்கிறது என்று தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது மாதிரி.

அன்று இரவு தம்பியிடம் கேட்டேன். “ஒரு நாள் உன் மூஞ்சில தண்ணி ஊத்துனேன், ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“என் மேல கோபம் வரலையா?”

கொஞ்சம் யோசித்தான். “வரல அண்ணே. கோபப்படுறதுக்கும் முழிப்பு வேணும்ல.”

தப்பு என்னுடையது என்றேன். சரி என்று தலையாட்டினான். இல்லை என்று அவன் உபசாரத்துக்குச் சொல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் காலையில் எழாமல் கிடந்தால், தயவுசெய்து சோம்பேறி என்று சொல்லாதீர்கள். எத்தனை மணிக்குப் போட்டார், எவ்வளவு போட்டார் என்று கேளுங்கள். கூடப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் முதலில் எழுகிறவர் காபி போடுவது என்று ஏற்பாடு. பெரும்பாலும் அவன்தான் போடுகிறான். டம்ளரை முக்கால்தான் நிரப்புவான், கை நடுங்கினால் சிந்தாது. எனக்கும் இப்போது முக்கால்தான்.