அரைக் கிண்ணத் தேநீர்

விருந்தினரின் கோப்பையை விளிம்பு தொட நிரப்பித் தருவதே மரியாதை என்று நம் உம்மா நமக்குக் கற்பித்திருந்தார்கள். வந்தவர் முன் எதையும் குறையாக வைப்பது குடும்பத்துக்கே இழுக்கு என்பது அவர்கள் எண்ணம். அந்தப் பாடத்தை மனத்தில் சுமந்தபடிதான் 2018ஆம் ஆண்டில் நாம் உஸ்பெகிஸ்தான் சென்றோம்.

சமர்கந்தின் ரெஜிஸ்தான் சதுக்கத்தில், 15ஆம் நூற்றாண்டில் உலூக் பேக் எழுப்பிய மதரஸாவைக் கண்டபின், நகருக்கு வெளியே ஹர்தங் என்னும் ஊருக்குப் போனோம். ஹிஜ்ரி 256இல் (கி.பி. 870) மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். ஜியாரத்தை முடித்து வெளியே வந்தபோது முதியவர் ஒருவர் ஸலாம் உரைத்து, வலக் கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினார். நாம் இந்தியாவிலிருந்து வந்திருப்பதை உடன்வந்த மொழிபெயர்ப்பாளரான இளைஞர் சொன்னதும், தம் இல்லத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்றார்.

முற்றத்தில், திராட்சைப் பந்தலின் கீழ், கட்டில் போன்ற அகன்ற மரமேடை. நடுவே தாழ்ந்த மேசையில் வட்ட ரொட்டிகளும் உலர்ந்த திராட்சையும் வாதுமையும் இருந்தன. பெரியவர் ரொட்டியைக் கையாலேயே பிட்டு நம் முன் வைத்தார். நீலமும் வெண்மையுமான பீங்கான் கெண்டியில் பச்சைத் தேநீர் வந்தது. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பியாலா என்னும் பிடியற்ற கிண்ணத்தில் சிறிது ஊற்றி, அதைத் திரும்பக் கெண்டியிலேயே கவிழ்த்தார். இவ்வாறு மூன்று முறை. இலையின் சாரம் சீராக இறங்குவதற்காம். அதன்பின் நமக்கு நீட்டிய பியாலாவில் இரண்டு மிடறுக்கு மேல் இல்லை.

அருந்தினோம். மறுபடியும் அதே அளவு. மூன்றாம் முறையும் அப்படியே. இத்தனை வற்புறுத்தி அழைத்தவருக்கு வெந்நீரில் ஏன் இந்தச் சிக்கனம் என்று எண்ணினோம். எண்ணியதோடு நின்றிருக்கலாம். உபசரிப்பு எப்படி இருக்கவேண்டும் என்று காட்டிவிடும் துடிப்பில் கெண்டியை எடுத்து, பெரியவரின் பியாலாவை விளிம்புவரை நிரப்பினோம்.

இளைஞரின் முகம் வெளுத்தது. பெரியவர் ஒரு கணம் பியாலாவைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், பிறகு தாடி குலுங்கச் சிரித்து ஏதோ சொன்னார்.

“இது என் வீடாயிற்றே, நான் எங்கே போவேன் என்று கேட்கிறார்” என்றார் இளைஞர், தயங்கித் தயங்கி.

பிறகுதான் விளக்கம் கிடைத்தது. அந்நாட்டில் பியாலாவை நிரப்பித் தருவது, ‘குடித்துவிட்டுப் புறப்படுங்கள்’ என்று சொல்லாமல் சொல்வதாகும். குறைத்து ஊற்றினால், ‘இருங்கள், உங்களுக்கு மீண்டும் மீண்டும் ஊற்றும் பேறு எனக்கு வேண்டும்’ என்று பொருள். கொஞ்சமாக ஊற்றினால் பிடியற்ற கிண்ணம் விரலைச் சுடாது. ஒவ்வொரு முறையும் தேநீர் சூடாகவே கிடைக்கும்.

கெண்டியை எடுத்தது நம் அறியாமை. அதைப் பெரியவர் சிரித்து மன்னித்துவிட்டார். ஆனால், அவர் மும்முறையும் ‘இன்னும் இருங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருக்க, நாம் அவரைக் கஞ்சர் என்று மனத்துள் எழுதிக்கொண்டிருந்தோமே, அது அவருக்குத் தெரியாது. அதற்காக மன்னிப்புக் கேட்கவும் நமக்கு நாவெழவில்லை.

அஸர் நேரம் நெருங்கியது. “இப்போது நிரப்பியே தாருங்கள், நாங்கள் புறப்படவேண்டும்” என்று பியாலாவை நீட்டினோம். பெரியவர் தலையசைத்து மறுத்தார். இரண்டு மிடறுதான் ஊற்றினார்.