மாலை 4 மணி என்று காட்டியது

டயாலிசிஸ் மையம் ஒன்றுக்காக மொபைல் ஆப் எழுதினேன். நோயாளிக்கு அடுத்த முறை எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அது காட்டும். சர்வர் தரும் அட்டவணையை போனிலேயே கேஷ் செய்து வைத்தேன். அதில் தவறில்லை. சிக்னல் கிடைக்காத ஊர்களுக்கு அது வேண்டும். அந்தத் தகவல் எவ்வளவு நேரம் செல்லும் என்று முடிவு செய்த இடத்தில்தான் தவறினேன்.

சர்வர் தகவலைக் கொண்டுவர டான்ஸ்டாக் குவெரி என்ற லைப்ரரியைப் பயன்படுத்தினேன். அதில் ஸ்டேல் டைம், அதாவது தகவலைப் புதிது என்று கருதும் நேரம், நாம் மாற்றாதவரை பூஜ்யம். கையில் இருப்பதை உடனே காட்டும்; கூடவே சர்வரிடமும் கேட்கும். நான் அந்த நேரத்தை 24 மணி நேரமாக்கினேன். சர்வர் சுமையைக் குறைக்க என்று குறிப்பு எழுதினேன். பொய். திரை சட்டென்று திறக்க வேண்டும், டெமோவில் என்னைப் பாராட்ட வேண்டும். அதற்காகத்தான் செய்தேன். பாராட்டினார்கள்.

கோட் ரிவியூவில் ஒரு ஜூனியர் கேட்டாள்: "நடுவுல நேரத்தை மாத்தினா போன்ல எப்படித் தெரியும் சார்?"

"ஆப்பைத் திறந்தா தானா புதுப்பிச்சுக்கும்மா" என்றேன். ஆனால் நான் ஆப்பை எழுதிய ரியாக்ட் நேட்டிவில், ஆப் திரையில் முன்னுக்கு வந்ததை ஆப்ஸ்டேட் வழியாகக் குவெரிக்கு நாம்தான் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தாலும், 24 மணி நேரம் புதிது என்று நானே சொல்லிவிட்டதை அது மறுபடி கேட்காது. எனக்குச் சந்தேகம் இருந்தது. அவள் முன்னால் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. இனி யாருக்கும் போன் செய்ய வேண்டாம், ஆப்பில் மாற்றினால் போதும் என்று மையத்துக்குச் சொன்னவனும் நான்தான்.

ஓர் இரவு இயந்திரம் பழுதானது. ஒரு பெரியவரின் மாலை முறையைக் காலைக்கு மாற்றினார்கள். விடிந்ததும் அவர் மகள் ஆப்பைப் பார்த்தார். மாலை 4 மணி என்றது. முந்தைய நாள் இறங்கிய அட்டவணை அது. மாலையில் போனபோது படுக்கை இல்லை. வாரம் 3 முறை ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டிய உடம்பு. கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. அந்த இரவை அவர் உட்கார்ந்தே கழித்தார். மகள் நர்ஸைத் திட்டினார். "நாங்க மாத்திட்டோம்மா" என்று சொல்லிச் சொல்லி அந்த நர்ஸ் அழுதுவிட்டார்.

மையம் என்னைக் கேட்டது. லாகைப் பார்த்தேன். அன்று காலை அந்த போனிலிருந்து சர்வருக்கு ஒரு கோரிக்கைகூட வரவில்லை. பார்த்துவிட்டும், "சர்வர் லேட்டா அப்டேட் ஆகியிருக்கும்" என்றேன்.

சர்வர் பக்கம் வேலை செய்தவர் இல்லாத பிழையைத் தேடி விடிய விடிய உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அடுத்த வெர்ஷனில் என் வரிகளைச் சத்தமில்லாமல் திருத்தினேன். சிறு மேம்பாடு என்று குறிப்பு எழுதினேன். திட்டு வாங்கிய நர்ஸிடம் இன்றுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை.