பூனைக்குட்டியின் மூச்சு

எங்க ஹாஸ்டல் மெஸ் பின்னாடி ஒரு பூனைக்குட்டி. மூக்கு அடைத்து, கண்ணில் பீளை கட்டி, மூச்சு விட்டால் 'கர் கர்' சத்தம். "நமக்கும் ஒட்டிக்கும்டா, தூக்கிப் போடு" என்றார்கள் நண்பர்கள். எனக்கு மனசு வரவில்லை.

கால்நடை டாக்டர் சிரித்தார். பெரும்பாலும் ஹெர்பிஸ், கலிசி வைரஸ் வேலையாம். பூனைக்குப் பூனை பரவும், மனுஷனுக்கு வராது. மூக்கடைத்தால் வாசனை தெரியாது, வாசனை இல்லாவிட்டால் குட்டி தின்னாது. பட்டினிதான் சாய்த்துவிடும். வெந்நீர் வாளியை எட்ட வைத்துப் பாத்ரூமில் பத்து நிமிடம் ஆவி, பிறகு வெதுவெதுப்பாக மீன். பாராசிட்டமால் கூடவே கூடாது, பூனைக்கு அது விஷம்! தூங்கும்போது நிமிடத்துக்கு 40 மூச்சைத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கி வரச் சொன்னார்.

லேபில் ரீடிங் எடுப்பதுபோல் நோட்டில் குறித்தேன். முதல் நாள் 38. எட்டாம் நாள் 26, என் பங்கு மத்தி மீனும் காலி.