சுவருக்குத் தெற்கே

நம்மீது இரு சாராருக்கும் ஐயம். கல்லூரி விடுதியிலே தோழர்கள் கேட்கிறார்கள்: "இயற்பியல் படிக்கிறாய், ஞாயிறுதோறும் பூசைக்கும் போகிறாய். இரண்டும் எப்படியடா ஒத்துவரும்?" ஊரிலே பெரியவர்கள் கேட்கிறார்கள்: "செபமாலை சொல்லும் பிள்ளைக்குச் சீர்திருத்த ஏடுகள் எதற்கு?" அவர்களுக்கு நாம் பழமையின் எச்சம், இவர்களுக்கோ பாதி நாத்திகன்! எவரிடமும் நமக்குச் சினமில்லை. ஐயுறுவது நம் மறைக்குப் புதிதன்று.

சென்னைப் பரங்கிமலையிலே தோமையார் உயிர் நீத்தார் என்பது வழிவழி வந்த மரபு. அதன் உண்மையை வரலாற்றாசிரியர்கள் ஆராயட்டும். நம்மை ஈர்ப்பவர் சுவிசேஷத்திலே வரும் தோமையார். ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று உடனிருந்தோர் அத்தனை பேரும் சொல்லியும், காயத்தைத் தொட்டுப் பார்த்தாலொழிய நம்பேன் என்று நின்றவர். அவரைப் புறந்தள்ளினார்களா? இல்லை. எட்டு நாள் சென்று அவர்களோடுதான் அவரும் இருந்தார். கேட்டவருக்குக் காயம் காட்டப்பட்டது. அந்தத் துணிவிலேதான் நாமும் ஒன்று கேட்கிறோம்.

நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஆள் உயரச் சுவர் ஒன்று நிற்கிறது. வடக்கே ஒரு சாதியார்; தெற்கே நாம். பங்கு ஒன்று, பீடம் ஒன்று, அப்பம் ஒன்று. மண் மட்டும் இரண்டு! நம் அப்பாயி எழுத்தறியாதவர். கோயில் முற்றத்தை அவர் கூட்டாத காலை இல்லை. ஐம்பத்து மூன்று மணி செபம் சொல்லாமல் அவர் உறங்கிய இரவும் இல்லை. அவர் கண் மூடியபோது சாமியார் வந்தார், தீர்த்தம் தெளித்தார், மண்ணிலிருந்து வந்தவர் மண்ணுக்குத் திரும்புகிறார் என்று செபித்தார். எந்த மண்ணுக்கு? தெற்கு மண்ணுக்கு! இறுதி நாளிலே எக்காளம் முழங்கும், இறந்தோர் எழுவர் என்று மறைக்கல்வி வகுப்பிலே பயின்றோமே, அன்று வானதூதர் வடக்குக்கு ஒரு முறையும் தெற்குக்கு ஒரு முறையுமாக ஊதுவாரோ?

சுவர் கட்டியவர்களும் செபித்தவர்கள்தாம் என்பதே நம்மை வாட்டுகிறது. சாதிச் சுவர் இடிபட்ட இடமும் நம் நாட்டிலேயே உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலே, உயர்ந்தோர் எனப்பட்டோர்க்கு ஒரு புறமும் மற்றவர்க்கு மறுபுறமுமாகக் கோயிலையே பிளந்து நின்ற சுவரை 1910இல் குருமார் இடித்தனர். உரிமை போயிற்றென்று உயர்ந்தோர் வழக்காடினர். சென்னை உயர்நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்க மறுத்தது.

அதே வடக்கன்குளத்திலேதான், 1745இல், நட்டாலத்து நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியவர். 1752இல் ஆரல்வாய்மொழி மலையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் உரோமையிலே அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' அங்கே ஒலிக்கவில்லை. வேண்டுகோளை ஏற்று முன்னரே நீக்கியிருந்தார்கள். சாதிப் பட்டத்தைத் துறப்போம் என்று செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது 1929இல். உரோமைக்கு அது போய்ச் சேர ஏறத்தாழ நூறாண்டு! நெடுந்தூரம் அல்லவா, கப்பலும் மெதுவாகத்தான் சென்றிருக்கும்.

கோயிலை மட்டும் குறை கூறி அரசை விடுவிக்கலாமா? அட்டவணைச் சாதியார் யாரென வரையறுத்த 1950ஆம் ஆண்டு ஆணை இந்துக்களுக்கு மட்டும் இடமளித்தது. சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தார்கள். நமக்கு இன்னும் கதவு திறக்கவில்லை; தமிழ்நாட்டிலே நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். திருமுழுக்கு நீரிலே சாதி கரைந்துவிட்டது என்கிறது சட்டம். கரையவில்லை என்கிறது சுவர். இரண்டுமே நம்மைத்தான் தண்டிக்கின்றன.

"அப்படியானால் வெளியே வந்துவிடேன்" என்கிறான் விடுதித் தோழன். அவன் அன்பினால் சொல்கிறான்; அறிவோம். ஆயினும் அப்பாயி கூட்டிய முற்றம் அது. அதிலே நமக்குப் பங்கு உண்டு. சுவர் எழுப்பியவர் உள்ளே இருக்க, சுவரைச் சுமப்பவன் வெளியேறுவது எந்த ஊர் நியாயம்? தச்சன் மகனாய்ப் பிறந்து, ஒதுக்கப்பட்டோரோடு உணவுண்டு, அதற்காகவே பழிக்கப்பட்ட ஒருவரை நாம் நேசிக்கிறோம். அந்த நேசத்துக்கு இயற்பியல் குறுக்கே நிற்கவில்லை. நிற்பது செங்கல்லும் சுண்ணாம்பும்.

சுவரை அகற்றுமாறு பங்குத்தந்தையிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். திருவிழா முடியட்டும் என்றார். திருவிழா முடிந்தது, அறுவடை முடியட்டும் என்கிறார். ஒப்பமிட்டோர் பெரும்பாலும் தெற்கத்தியார். வடக்கே இருந்து ஒன்பது பேர். அவர்களுள் எழுவர் நம் வயதினர். எட்டாமவர் ஒரு மூதாட்டி, அப்பாயியோடு முற்றம் கூட்டியவர், கைநாட்டு வைத்தார். ஒன்பதாமவர் தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நவம்பர் இரண்டாம் நாள், கல்லறைத் திருநாளன்று, மீண்டும் கேட்கப் போகிறோம்.